மேனேஜர் வாய்ப்பட்ட மக்கடாமியா மீட்ட படலம்

முந்திரியின் முழுமையையும் பாதாமின் பருமனையும் பிஸ்தாவின் பசுமையையும் கண்ட மாத்திரத்தில் தரம்பிரித்துத் தள்ளும் தகைசால் விழியினர். மூட்டைமலைச் சாரலில் முக்காலியே அரியணையாக, தராசுத்தண்டே செங்கோலாக, காதில் செருகிய பேனாவே மணிமுடியாக வீற்றிருந்து, ஓட்டுக்குள் ஒளிந்த பருப்பினம் அனைத்தையும் ஒரு குடைக்கீழ் ஆளும் ஓங்குபுகழ்க் கோமான். பேரப் போர்க்களத்தில் புறமுதுகு என்பதைப் பிறர் உடம்பில் மட்டுமே கண்டறிந்தவர். கடைத்தெருவார் ‘பருப்புக்காரர்’ என்று ஒரே சொல்லில் அடக்கிப் போற்றும் அந்தப் பெருந்தகை வாழ்க! அவர்தம் திருத்தொந்தி வாழ்க! தொந்திமேல் என்றும் நீங்காது படிந்துகிடக்கும் பருப்புத்தூள் வாழ்க! எடைகாட்டும் முள்ளே, எப்பக்கமும் சாயாமல் நில். நீ கொஞ்சம் அசந்தாலும் இக்கதை நாயின் பக்கம் இறங்கிவிடும்.

அவருடைய வணிகநெறிகளோ மலையினும் அசையாதவை. பேரத்தில் அவர் முதலில் வாய் திறக்கமாட்டார். எதிரே நிற்பவர் விலை சொல்லட்டும், வியர்க்கட்டும், சொன்ன விலையைத் தாமே திருத்தட்டும். அவர் சுவரில் ஊரும் எறும்பைப் பார்த்தபடி இருப்பார். பேச்சு படிந்தபின் மூட்டையின் முதுகில் உள்ளங்கையால் ‘பட்’ என்று ஓர் அடி விழும். அவ்வோசை எழுந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. வானமே இடிந்து கடைவாசலில் கிடந்தாலும் மாற்றமில்லை. கல்லாவுக்கு மேலே ‘விற்ற சரக்கு திரும்ப வாங்கப்படமாட்டாது’ என்னும் பலகை செந்நிற எழுத்தில் சீறிக்கொண்டிருக்கும். இவற்றோடு, உள்ளங்கையில் எப்பருப்பு வந்து விழுந்தாலும், அது எவர் வீட்டுப் பருப்பானாலும், அந்தக் கை மூளையிடம் உத்தரவு கேளாமல் நேரே வாய்க்குப் பறக்கும். கடித்துப் பார்க்காமல் அவர் ஒரு சரக்கையும் நம்பியதில்லை. பல் டாக்டரின் மேசையில் கிடந்த மாதிரிக் கடைவாய்ப்பல் ஒன்று ஒருமுறை மயிரிழையில் தப்பியது.

அக்கடையின் நிழலில் வளர்ந்தவன் மேனேஜர். அவன் நாய். முழங்கால் உயரமும் எட்டாத மேனியும், மடித்த கடுதாசி போல் ஒருக்களித்த காதும் உடையவன். காலை தொட்டு மாலை வரை கல்லாவின் அடியில் படுத்து, வருவோர் போவோரை அரைக்கண்ணால் அளந்து, ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்த்ததால் அப்பட்டம் பெற்றவன்.

வாடிக்கையாளர் மகிழும்பொருட்டுப் பருப்புக்காரர் அவனுக்கு ஒரு வித்தை பயிற்றியிருந்தார். பிஸ்கட் துண்டை வாயில் வைத்தால் மேனேஜர் கடிக்கமாட்டான், விழுங்கமாட்டான். மூட்டையில் ‘பட்’ விழும்வரை மோனத்தவம் பூண்ட முனிவன்போல் வாய்மூடி வீற்றிருப்பான். ஓசை எழுந்த கணமே ‘கடக்’ என்று கதை முடிப்பான். வாங்கக் கற்றான், காக்கக் கற்றான், முடிக்கவும் கற்றான். திருப்பித் தருவதை மட்டும் அவனுக்கு எவரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கடைப் பாடத்தில் அப்படியொரு பக்கமே கிடையாது.

இவ்வாறு இருவரும் ஒருவரையொருவர் மெச்சி வாழ்ந்துவருங்காலை, கடைக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், கடல்கடந்து வந்த புதுச்சரக்கின் மாதிரிப் பொட்டலமொன்று வீட்டுக் கூடத்து மேசைமேல் விரிக்கப்பட்டது. கோலிக்குண்டின் திரட்சியும் யானைத்தந்தத்தின் வெண்மையும் வெண்ணெயின் வழவழப்பும் ஒருங்கே திரண்டு நின்ற அச்சரக்கின் பெயர் மக்கடாமியா. மேனேஜர் மேசையடியில் வந்து, வால் நுனி மட்டும் அசைய அமர்ந்தான். அங்கேதான் போர் முளைத்தது.

“ஏங்க, அதுக்குக் கண்ட பருப்பையும் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றார் மனையரசியார்.

“கண்ட பருப்பா? இது என்ன விலைன்னு தெரியுமா உனக்கு? இவ்வளவு ஒசத்தியான சரக்கு எப்படிம்மா கெடுதல் பண்ணும்?”

அவர் வாழ்நாளெல்லாம் கட்டிக்காத்த தத்துவம் இதுவே. கேடு என்பது மலிவுச் சரக்கில் மட்டும் குடியிருப்பது. விலை ஏற ஏற விஷம் இறங்கிப்போகும். கலப்படம், கல், புழு, சொத்தை எல்லாம் அடிமட்டத்து மூட்டைகளுக்கு வரும் நோய்கள். உச்சிச் சரக்கை அவை அண்டா. அம்மையாரோ தத்துவத்தோடு மல்லுக்கு நிற்காமல் போனை எடுத்து நாய் டாக்டரை அழைத்து, எல்லார் காதிலும் விழும்படி ஸ்பீக்கரைப் போட்டார். அருகிருந்த நாற்காலியில், போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி, வேடிக்கை பார்ப்பதற்கென்றே காலை நீட்டிச் சாய்ந்துகொண்டான்.

மறுமுனையில் மணி ஒலித்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில்தான் பருப்புக்காரர் அவசரப்பட்டார். பொட்டலத்தில் ஆகப் பெரியதாக ஒன்றைத் தேர்ந்து, “கடைக்கே டாப்பு சரக்கு! மேனேஜருக்கு மேனேஜர் கிரேடு!” என்று முழங்கி, அதை நாயின் வாயில் வைத்தருளினார். மேனேஜர் வாயை மூடினான். கற்றபடி காத்தான்.

போனில் டாக்டர் பேசினார். “முந்திரியா? உப்பு போடாம வறுத்தது எப்பவாவது ஒண்ணு ரெண்டு தாங்கும்மா. வேர்க்கடலையும் அப்படித்தான். பாதாம் தொண்டையில சிக்கும், செரிக்காது. அக்ரூட் வேணவே வேணாம், பூஞ்சை பிடிச்சிருந்தா வலிப்பு வரும்.”

“இந்த மக்கடாமியா, டாக்டர்?”

“ஐயையோ. அதைக் கிளி வளர்க்கிறவங்க கிளிக்குக் குடுக்கட்டும். நாய் கண்ணுலயே காட்டாதீங்க. பின்னங்கால் துவண்டு நிக்க முடியாது. நடுக்கம், வாந்தி எல்லாம் வரும். ஒருவேளை தின்னுடுச்சுன்னா உடனே தூக்கிட்டு வாங்க.”

அம்மையார் அலறினார். அலறலில் வெருண்ட மேனேஜர், அம்பினும் கடிது பாய்ந்து சோபாவின் அடியில் புகுந்தான்.

பழம்புலவர் வகுத்த போர்முறைகள் யாவும் அக்கூடத்தில் அரைநொடியில் அரங்கேறின. பகைவர் பசுக்கூட்டத்தைக் கவர்வோர் வெட்சிப்பூச் சூடுவர். கவர்ந்ததை மீட்போர் கரந்தை சூடுவர். கோட்டையை வளைப்போர் உழிஞையும், உள்ளிருந்து காப்போர் நொச்சியும் சூடுவர். இங்கோ மேனேஜர் வெட்சிக்கும் நொச்சிக்கும் ஒருங்கே உரியவனாய், பழைய செருப்பொன்றும் காணாமற்போன டிவி ரிமோட்டும் அரணாகச் சூழ, தூசிப்படலம் கொடியாகப் பறக்க, சோபாக்கோட்டையின் இருட்டில் இரு கண்ணும் மின்ன வீற்றிருந்தான். வெளியே, கைலியை மடித்துக்கட்டி, தொந்தி தரையில் பதிய, கன்னம் தரையோடு ஒட்ட, உழிஞை வேந்தராய்க் கவிழ்ந்து கிடந்தார் பருப்புக்காரர். கடையில் அவர் குனிந்து கண்டவர் எவருமில்லை.

தரையோடு தரையாய்க் கிடந்த அக்கணத்தில் அவர் நெஞ்சில் ஒன்று நெருடியது. மாலைதோறும் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டால் மேனேஜர் பின்னங்கால் இரண்டிலும் எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றுவான். அன்றைய வியாபாரம் நஷ்டமோ லாபமோ, அதைப் பார்க்காமல் அவர் பூட்டுப் போட்டதில்லை. துவளும் என்று டாக்டர் சொன்னது அந்தக் கால்களைத்தான். விலையுயர்ந்த சரக்கு என்றுதான் கொடுத்தார். விலையில் மட்டும் குறையில்லை.

உடனே தலையை உயர்த்தி ஆணை பிறப்பித்தார்: “யாரும் கை தட்டாதீங்க! தொடையில தட்டாதீங்க! கதவைப் படார்னு சாத்தாதீங்க! சத்தம் கேட்டா கடிச்சிடுவான்!”

அவ்வாணை அவையில் எதிரொலித்து அடங்கியதும், அதற்கென்றே காத்திருந்ததுபோல், ஊசிமூக்கும் ஒய்யாரச் சிறகும் உடைய கொசுவொன்று மைத்துனனின் கன்னத்தில் இறங்கியது. அடிக்கத் துடித்த வலக்கையை இடக்கையால் பற்றி, கண்ணில் நீர் மல்க, தன் செங்குருதியை அந்தச் சின்னஞ்சிறு அரக்கிக்கு அவன் தாரைவார்த்த தியாகத்தை என்னென்பது! அவ்வேதனையிலும் அவன் வாய் மட்டும் அடங்கவில்லை.

“மாமா, கடையில போர்டு வேற மாட்டி வச்சிருக்கீங்க. விற்ற சரக்கு வாபஸ் இல்லைன்னு. அது படிச்சிருக்கும்போல.”

“நீ சும்மா இருடா,” என்றார் அக்காள், சிரிப்பையும் அழுகையையும் ஒரே முந்தானையில் துடைத்தபடி.

பேரம் தொடங்கிற்று. பருப்புக்காரர் பிஸ்கட் ஒன்றை நீட்டினார். மேனேஜர் பார்த்தான், வாய் திறக்கவில்லை. பிஸ்கட்டோடு ரொட்டித்துண்டு சேர்ந்தது. மேனேஜர் சோபாவின் காலைப் பார்த்தான். வேகவைத்த கோழித்துண்டு வந்தது. அதன் நறுமணம் கோட்டைக்குள் படையெனப் புகுந்தது. மேனேஜரின் மூக்கு மட்டும் தனியே எழுந்து நடுங்கிற்று, வாயோ பூட்டிய ஷட்டராய்க் கிடந்தது. இரண்டு துண்டு என்றார். முட்டையும் சேர்த்து என்றார். எதிரே ஒரு சொல்லும் வரவில்லை. தாம் சொன்ன விலையைத் தாமே ஏற்றிக்கொண்டிருப்பதை, நெற்றியில் வியர்வை வழிவதை, எதிராளி சுவரில் ஊரும் எறும்பைப் பார்ப்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

அடடா, அது அவருடைய முகம்! கல்லாவின் அடியில் படுத்தபடி ஒருவன் ஆண்டாண்டாய்த் தூங்குகிறான் என்று நினைத்திருந்தாரே, அவன் தூங்கவில்லை, தொழில் கற்றுக்கொண்டிருந்தான்.

கோழித்துண்டு ஏந்திய கை தாழ்ந்தது. ஆயினும் குருவுக்கென்று கடைசியாக ஒரு கணை மிச்சமிருந்தது. எதிராளி எதற்கும் மசியாதபோது, மாதிரிப் பருப்பை மூட்டைக்குள் தள்ளி, மூட்டைவாயைச் சுருக்கி, கொட்டாவி விட்டபடி எழுந்துகொள்வது. அதைக் கண்டு ஆடாத வியாபாரி கடைத்தெருவில் இதுவரை இல்லை. பருப்புக்காரர் எழுந்தார். கைலித்தூசியை, தட்டாமல், மெல்லத் துடைத்தார். கோழித்துண்டைத் தட்டில் வைத்து மூடினார். வாய் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். ஆணியில் தொங்கிய நாய்ச்சங்கிலியை எடுத்துக் கலீரென்று குலுக்கி, கடைத்தெருவே கேட்கும் குரலில் அறிவித்தார்: “நான் கிளம்புறேன்! எனக்கு வேற பார்ட்டி இருக்கு!”

“எங்கே போறீங்க, அது வாயில—” என்று பதறிய மனையரசியாருக்கு ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, வாசலுக்கு நடந்தார். சங்கிலி தரையில் உரசி உரசி இசைத்தது. செருப்பை மாட்டினார். கதவைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் துடித்த கழுத்தை அவர் அடக்கிய வீரம் தனிப்பரணி பாடத் தக்கது.

கோட்டைக்குள் சலசலப்பு. முதலில் மூக்கு வந்தது. பின் ஒருக்களித்த காது வந்தது. பின் தூசி மண்டிய முழு மேனேஜரும் வெளிப்போந்தான். தானில்லாமல், தன் சங்கிலியோடு, தன் முதலாளி, வேறு பார்ட்டியிடம் போவதா! வில்லும் வேலும் வளைக்காத அவ்வீரனை அவ்வொரு நினைவு வளைத்தது. நான்கு காலும் பரப்பி நின்று, உயிரெல்லாம் திரட்டி, “வள்!” என்றான்.

குரைக்க வேண்டுமானால் வாய் திறந்தாக வேண்டும். மக்கடாமியா விழுந்தது.

விழுந்தது உருண்டது, உருண்டது நாற்காலிக்காலில் மோதித் திரும்பியது, திரும்பியதை நோக்கி நாயும் மனிதரும் ஒருங்கே பாய்ந்தனர். புயலெனப் புரண்டு, மலையெனச் சரிந்து, மேனேஜரின் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்பாகப் பருப்புக்காரரின் கை அதைக் கவ்வியது. வாகை! வாகை! கரந்தைத் தலைவர் கவர்பொருள் மீட்டார்! முழந்தாளிட்டபடியே கையைத் தலைக்குமேல் உயர்த்தி, ஈரம் மின்னும் அவ்வெண்முத்தை விளக்கொளியில் ஏந்தி, “வாழ்க்கையிலயே முதல் தடவையா வித்த சரக்கைத் திருப்பி வாங்கிட்டேன்! முழுசா! ஒரு பல்லு படாம!” என்று முழங்கினார். மேனேஜர் மூடிய தட்டை நோக்கி நடந்தான். பின்னங்கால் இரண்டும் செம்மையாய் நடந்தன. அதைக் கண்டு அவர் கண் கலங்கியது. நெஞ்சு விம்மியது. உயர்ந்த கை தாழ்ந்தது. விரல்கள் விரிந்தன. உள்ளங்கையில் ஒரு பருப்பு இருந்தது.

அந்தக் கை மூளையைக் கேட்கவில்லை.

“ஐயோ, ஏங்க!” என்று மனையரசியார் தம் நெற்றியில் தாமே ‘பட்’ என்று அடித்துக்கொண்டார். கூடமெங்கும் அவ்வோசை எழுந்தது. ஓசை எழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவ்வீட்டில் இருவருக்குத் தெரியும். ஒருவன் வாயில் சரக்கில்லை. ‘கடக்’ என்றது. பருப்புக்காரர் கண்ணை மூடி, நாவின் இருபுறமும் புரட்டி, ஆழ்ந்து ஆராய்ந்து, சிம்மாசனத்திலிருந்து இறங்கும் தீர்ப்பென, “கொஞ்சம் நமுத்துப் போயிருக்கு,” என்று அருளினார்.

பிறகு போய் வாய் கொப்பளித்தார்.