காலமாகாத கந்தப்பனின் விண்ணப்பம்

டயகம,
செவ்வாய்க்கிழமை பகல்.

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சுக்கூடத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நானும் நலம். இதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய தங்கள் பத்திரிகையின் பதினான்காம் பக்கத்தில், நான் நேற்றுக் காலமானதாகப் படத்தோடு போட்டிருக்கிறது. தொலைபேசியில் முறையிட்டேன். அங்கிருந்த பெண்பிள்ளை, "சம்பந்தப்பட்டவரையே எழுதிக் கையெழுத்து வச்சு, போட்டோ எடுத்துப் பின்னேரத்துக்குள்ள அனுப்பச் சொல்லுங்க" என்றார். சம்பந்தப்பட்டவன் எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. பதினோரு வருடமாக மகிழ்ச்சி, சந்தேகம், பயம், நல்வாழ்வு பற்றித் தங்களுக்கு நாற்பத்து மூன்று கட்டுரைகள் அனுப்பியிருக்கிறேன். ஒன்றையும் போடவில்லை. செத்துவிட்டேன் என்று தகவல் வந்ததும் மறுநாளே போட்டுவிட்டீர்கள். இருக்கட்டும். புகழ் ஒரு பொருட்டல்ல என்று பத்தொன்பதாம் கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். மரண பயத்தை வெல்வது பற்றி நாற்பத்து நான்காவதை எழுதிக்கொண்டிருந்தேன். அனுபவிக்காததை எழுதக்கூடாது என்பது என் கொள்கை. ஆகவே நேற்று விடிந்ததும் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசல் பெஞ்சில் வெள்ளை வேட்டியைப் போர்த்தி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, வாயால் மெல்ல மூச்சு விட்டபடி மல்லாந்து கிடந்தேன். கால்மணி நேரத்தில் பயம் போய்விட்டது, ஐயா. கூடவே தூக்கமும் வந்துவிட்டது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அழகம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ, கணக்கப்புள்ள போயிட்டாரே!" என்று கூவ, லயமே கூடிவிட்டது. தோட்டத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதில்லை. அது எங்கள் வழக்கம். தோட்ட நிர்வாகியான துரையும் லீவு கொடுத்துவிட்டார். சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தத்தில்தான் எனக்கு முழிப்பு வந்தது. உடனே எழுந்திருக்கலாம். ஆனால் வாழ்ந்தது நல்வாழ்வுதானா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மரண உதவிச் சங்கத் தலைவர் ஆண்டியப்பன் தலைமாட்டில் நின்று, "நல்ல மனுசன். கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல, பேச்சு மட்டுந்தான்" என்றார். "இனிமே பீலியில நிம்மதியாத் தண்ணி புடிக்கலாம்" என்றது ஒரு பெண் குரல். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க நிற்பவர்களிடம் மகிழ்ச்சியைப் பற்றி நான் விளக்கியதெல்லாம் அவர்கள் நன்மைக்குத்தான்.

பிறகு சாம்பிராணி போட்டார்கள். தும்மிவிட்டேன். பஞ்சு இரண்டும் பறந்தன. பாதிப் பேர் தேயிலைக்குள் பாய்ந்தார்கள். விரல் கட்டியிருந்ததை மறந்து எழுந்த நான் பெஞ்சோடு கவிழ்ந்தேன். உயிரோடிருக்கிறானே என்று யாராவது சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால், லீவு ரத்து. அழகம்மா கூடையை மாட்டிக்கொண்டு, "ஏங்க கணக்கப்புள்ள, எந்திரிக்கிறதுதான் எந்திரிச்சீங்க, ஒரு நாலு மணிக்கு மேல எந்திரிச்சிருக்கக் கூடாதா?" என்றாள். நான் விரல் கட்டை அவிழ்க்கத் தொடங்கினேன்.

இதற்குள் கடமை தவறாத ஆண்டியப்பன் என் படத்தையும் விபரத்தையும் போனிலேயே உங்களுக்கு அனுப்பிவிட்டார்; நான் எழுந்துவிட்டதைச் சொல்லத்தான் மறந்துவிட்டார். அதில்தான், "சுதர்ஷினியின் பாசமிகு தந்தையுமாவார்" என்ற வரி வருகிறது.

ஐயா, மற்றதெல்லாம் போகட்டும், அந்த வரிதான் என்னை உட்காரவிடவில்லை. சுதர்ஷினி என் ஒரே மகள். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி காளியாயி செத்தபோது, சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுத பிள்ளையிடம், அழுகை அறியாமை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒங்களுக்கு நெஞ்சே இல்லப்பா" என்று போனவள்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். இதைப் படித்துவிட்டு அலறியடித்து வருவாளோ என்று பயமாயிருக்கிறது. படித்தும் வராமல் இருந்துவிடுவாளோ என்பது அதைவிடப் பெரிய பயம். பெஞ்சில் செத்துக் கிடந்தபோது எனக்கு இந்த நடுக்கம் இல்லை. ஆகவே நாளைய பத்திரிகையிலேயே, அதே பக்கத்தில், அதே அளவில், நான் உயிரோடிருப்பதாகத் திருத்தம் போடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் நூறாண்டு வாழ்ந்து, தங்கள் பெயர் அந்தப் பதினான்காம் பக்கத்துக்கு ஆகத் தாமதமாகவே வந்து சேர, எங்கள் தோட்டத்து மாரியம்மன் துணையிருப்பாளாக.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும்
வீ. கந்தப்பன்

பி.கு.: தயவுசெய்து திருத்தத்தைப் போட வேண்டாம். இதைப் போட்டோ எடுக்கப் போன நேரம், நாலரை மணி பஸ்ஸில் சுதர்ஷினி வந்து இறங்கினாள். என்னைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு ஏசத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை, ரொட்டி தட்டிக்கொண்டே ஏசுகிறாள். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததேயில்லை. தங்கள் பத்திரிகையைக் காட்டித்தான் ஐந்து நாள் லீவு வாங்கி வந்திருக்கிறாளாம். நான் உயிரோடிருப்பது தெரிந்தால் நாளைக்கே வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆகவே ஐயா, ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.