வடலூர்க் கடையைச் செல்போன்காரருக்கே கொடுத்துவிடுங்கள்

மந்தாரக்குப்பம்
புதன்கிழமை

குறிஞ்சிப்பாடி கைலி வியாபாரி, என் தாய்மாமா ஜனாப் நஜிமுதீன் அவர்களின் சமூகத்துக்கு மருமகன் ரியாசுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் நீங்கள் வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷினும் ஆரோக்கியமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் மாமியும் ருக்சாரும் எங்களைவிட ஆரோக்கியமாக இருக்க துஆ செய்கிறேன்.

உங்கள் வடலூர்க் கடை காலியாகக் கிடக்கிறது, இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குள், வாடகைக்குக் கேட்கும் செல்போன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் ஒரு மாதம் வீட்டோடு சலவைத் தொழில் நடத்திப் பார்த்துவிட்டு நீ வியாபாரத்துக்கு லாயக்கா இல்லையா என்று நீயே நேர்மையாக எழுது, லாயக்கு என்றால் சாவி உனக்கு என்றீர்கள். கைலி அட்டையின் பின்புறம் நான்கு கேள்விகளும் எழுதிக் கொடுத்தீர்கள். ஊரில் தேவை இருக்கிறதா, காலையில் சீக்கிரம் எழுவாயா, நஷ்டம் வந்தால் அழுவாயா, ஆளை வேலை வாங்கத் தெரியுமா. பழுப்பு நிலக்கரி தோண்டும் ஊரில் அழுக்குத் துணி கிடைக்குமா என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும்தான் வரும். காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் தானாகவே மறுபடி வாடிக்கையாளராகிவிடுகிறது. முதல் மூன்று கேள்வியிலும் தேறிவிட்டேன். நான்காவதில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

இந்த ஊரில் மனிதர்கள் இரண்டு ஜாதி, பர்மனென்ட், காண்ட்ராக்ட். பழைய ஜாதிகள் ஒழிந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம், இது கூடுதல். நான் மூன்று வருடம் பெரியண்ணன் என்ற காண்ட்ராக்டரிடம் மண் அள்ளியவன், பர்மனென்ட் செய் என்று வெயிலில் நின்று கத்தியவன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் தொழிலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நாகம்மாள் அக்கா, பதினெட்டு வருடம் சுரங்கத்தில் காண்ட்ராக்டில் பெருக்கியவர். இன்னொருவர் இசக்கிமுத்து அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வருடம் பர்மனென்ட்டாக இருந்து போன வருடம் ரிடையர் ஆனவர். "சம்பளமெல்லாம் வேண்டாம் தம்பி, ஒரு ஷிப்டு மட்டும் குடு. வீட்ல இருக்க முடியல" என்று சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார். வந்த அன்றே ஒரே ஒரு மெஷினுக்கு மூன்று ஷிப்டு போட்டார். வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஹெல்மெட் இல்லாமல் நிற்கக்கூடாது என்று எழுதி ஒட்டினார். சாயங்காலம் ஷிப்டு மாற்றும் நோட்டில், 'மெஷின் சீராக ஓடுகிறது, பக்கெட் ஒன்றில் கைப்பிடி இல்லை' என்று எழுதி, ஒப்படைக்க ஆள் இல்லாததால் தானே வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டார்.

இதுவரை எனக்குச் சிரிப்புதான். அக்கா முதல் பக்கெட்டைத் தூக்கும் முன்பு கேட்டார், "இன்னா தம்பி, இது பர்மனென்ட்டா காண்ட்ராக்ட்டா?"

"ஆறு மாசம் பாக்கலாம்க்கா."

யோசித்துச் சொல்லவில்லை மாமா, வாயிலிருந்து தானாக வந்தது. பெரியண்ணன் மூன்று வருடத்தில் ஆறு முறை என்னிடம் சொன்னது இதே வாக்கியம்தான், குரல் உட்பட.

"பதினெட்டு வருசமா அந்த ஆறு மாசத்தத்தான் பாத்துக்கினு இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா துணி நனைக்கப் போனார். ஆனால் அது அண்ணாச்சியின் காதில் விழுந்துவிட்டது. ரிடையர் ஆனதிலிருந்து போராட எதுவும் கிடைக்காமல் வாடியிருந்த மனிதர். மறுநாள் சங்கம் வந்துவிட்டது. அவர் தலைவர், அக்கா செயலாளர், உறுப்பினர் யாரும் இல்லை. பத்தொன்பது கோரிக்கைகள். முதல் கோரிக்கை அக்காவின் பர்மனென்ட், கடைசிக் கோரிக்கை கேன்டீன்.

பேச்சுவார்த்தைக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டோம். நிர்வாகத்தின் பக்கம் நான் ஒருவன், எதிரில் இரண்டு பேர், இது நியாயமில்லை என்று அண்ணாச்சியே முதல் அரை மணி நேரம் என் பக்கம் வந்து உட்கார்ந்தார். "இந்தம்மா சோப்புத்தூள அள்ளி அள்ளிக் கொட்டுது, இதுக்குப் பர்மனென்ட் ஒரு கேடா?" என்று எனக்காக வாதாடினார். அவ்வளவு கேவலமாக நான்கூட நினைத்ததில்லை. பிறகு எழுந்து எதிர்ப் பக்கம் போய், தான் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்து, "யாரப் பாத்துவே கேடாங்கீரு?" என்று கத்திவிட்டு வெளிநடப்பு செய்தார். "உக்காருங்க அண்ணாச்சி, டீ ஆறுது" என்று அக்கா சொன்னதைக்கூடக் கேட்கவில்லை.

போன திங்கள்கிழமை ஸ்டிரைக். மெஷினிலும் பக்கெட்டுகளிலுமாக இருபத்தேழு யூனிஃபார்ம் நனைந்து கிடக்கின்றன, இரண்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் கைலியோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். அவசரத்துக்கு நானே துவைக்கலாம் என்று கையை வைத்தேன். என் வீட்டில், என் மெஷினில், என் கையால் துவைக்கப் போனதற்கு எனக்குக் கருங்காலி என்று பெயர். கூட்டத்தில் கிரேன் ஓட்டும் தனகோட்டி சார் முன்னால் வந்தார். "என் சட்டையும் உள்ளதான் கெடக்குது. கெடக்கட்டும். தொழிலாளி கோரிக்கை நிறைவேறாம அதத் தொட மாட்டேன்" என்றார். தங்கள் சட்டையைத் தங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருபத்தேழு பேரும் கோஷம் போட்டார்கள். எங்கள் அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்தார். நடுவில் தனகோட்டி சார் அக்காவைக் கண்ணால் காட்டி, என் காதருகே குனிந்து, "ஆமா, அந்த அம்மா யாரு?" என்று கேட்டார். அக்காவுக்குக் காது கூர்மை. "ஒம்பது வருசம் ஒங்க கிரேன் ஷெட்ட நாந்தான் சார் பெருக்குனேன்" என்றார். தனகோட்டி சார் நிமிர்ந்து கூட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு முன்னைவிடச் சத்தமாகக் கோஷம் போட்டார். இரண்டு மணி ஆனதும் எல்லோரும் போனில் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். சம்பளத்தோடு லீவு. எங்கள் காண்ட்ராக்ட் ஜாதிக்காகப் போராடுவதற்குக்கூட பர்மனென்ட்டாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்திருக்கும் மாமா. போடவில்லை. இன்றும் ஸ்டிரைக் நடக்கிறது. அக்காவைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டால் நாளைக்கு வேலையைவிட்டு அனுப்ப முடியாதே என்று நினைத்தேன், அனுப்பும் எண்ணமே இல்லாதபோதும் நினைத்தேன். இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஆறு மாசம் பாக்கலாம் என்று சொன்ன அன்று நான் நன்றாகத் தூங்கினேன். ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில், நான் லாயக்குதான். ஒரே மாதத்தில் பெரியண்ணன் ஆகிவிட்டேன், வடலூர்க் கடையும் கிடைத்தால் ஒரு வருடத்தில் பெரியண்ணனையே வேலைக்கு எடுத்து ஆறு மாசம் பாக்கலாம் என்பேன். அந்த அளவுக்கு லாயக்காவதில் எனக்கு விருப்பமில்லை. கடையைச் செல்போன்காரருக்கே கொடுத்துவிடுங்கள். நான் வேறு ஏதாவது பார்த்துக்கொள்கிறேன்.

மாமிக்கு சலாம், ருக்சாரின் பரீட்சைக்கு துஆ. உங்கள் வியாபாரத்திலும் உங்களிடம் வேலை செய்கிறவர்களின் வீட்டிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
ரியாசுதீன்

பின்குறிப்பு: தபாலில் போட்டால் ஜும்ஆவுக்குள் வந்து சேராது, நான் அந்தப் பக்கம்தான் போறேன் என்று நாகம்மாள் அக்கா கடிதத்தைக் கேட்டார். என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்டார். படித்துக் காட்டினேன். "எல்லாம் சரிதான் தம்பி. ஆனா கடைய ஏன் வுடணும்? ஒங்கம்மா சொன்னாங்க, நேத்தே போய்ப் பாத்துக்கினு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு ஓரம், தண்ணி வசதி இருக்குது. நான் எடுத்து நடத்தறேன்" என்றார். ஆகவே மேலே உள்ளதை விட்டுவிட்டு, சாவியை இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவரிடமே கொடுக்கவும். ஸ்டிரைக் முடிந்தது. வீடு வீடாக அழுக்குத் துணி வாங்கிவரும் வேலை எனக்கு. பர்மனென்ட்டா காண்ட்ராக்ட்டா என்று கேட்டேன். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆறு மாசம் பாக்கலாம் தம்பி" என்றார். அண்ணாச்சி இரண்டு பக்கமும் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார்.