கச்சம்புளியில் ஊறிய துப்பாக்கி

துப்பாக்கிக்குப் பிறந்த வருஷம் என்று ஒன்று இருக்கும் என்பது நாணய்யாவுக்கு அன்று காலை வரை தெரியாது. ஆயுதங்களைக் கும்பிடுகிற கைல்போது பண்டிகை நெருங்குகிறது, பூஜையில் வைக்கிற துப்பாக்கியைக் கொஞ்சம் துடைத்து வைப்போம் என்று நல்ல மனதோடுதான் உட்கார்ந்தார். மண்ணெண்ணெய்த் துணியால் விசைக்கு மேலே இருந்த இரும்பைத் தேய்த்தார். வருஷா வருஷம் பூசிய நெய்யும் குங்குமமும் கரைந்து முதலில் ஒரு கிரீடம் தெரிந்தது. அதன் கீழே 1912 என்று தெரிந்தது. அதற்கும் கீழே இன்னும் ஏதோ எண்கள் இருந்தன.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். 1912 அங்கேயே இருந்தது.

அது ராஜா காலத்துத் துப்பாக்கி. அப்படித்தான் பெரியப்பா மாச்சய்யா சாகும்போது சொல்லி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குடகை ராஜாக்கள் ஆண்ட நாளில் மூதாதை அப்பச்சு இதே துப்பாக்கியால் ஒரு புலியைச் சுட்டார்; ஊர்கூடி அவருக்கு மாப்பிள்ளை வேஷம் கட்டி, செத்த புலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் புலிக் கல்யாணம் நடத்தியது; ராஜாவே வந்து அட்சதை போட்டார். ராஜா அட்சதை போட்டது மட்டும் நாணய்யா சொந்தமாகச் சேர்த்தது. ஆனால் 1912-ல் அப்பச்சு செத்துப் புல் முளைத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும்.

இதை எண்ணெய் பூசி மூடிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். கர்னல் காளய்யா மட்டும் வராமல் இருந்திருந்தால்.

நாணய்யாவின் ஒரே மகள் தேச்சு, வந்த வரன்களையெல்லாம் மூக்கு சரியில்லை, பேச்சு சரியில்லை என்று தட்டிக்கழித்தவள். கடைசியில் குடும்பங்களுக்கிடையே நடக்கும் ஹாக்கிப் போட்டியில் கர்னலின் மகன் சோமய்யாவைப் பார்த்துவிட்டு வந்து, இவன் என்றால் சரி, இல்லையென்றால் என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். பையனுக்கும் அதே எண்ணம்தான். மிச்சம் இருந்தது கர்னல். அவருக்குப் பழைய துப்பாக்கி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். குழலைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார் என்று பேர். அந்த மனிதரிடம்தான் மைதானத்து ஓரத்தில் நாணய்யா புலிக் கதையை அவிழ்த்துவிட்டு, மறுநாள் துப்பாக்கியின் போட்டோவையும் அனுப்பி வைத்திருந்தார். கைல்போது ஊருக்கு ஊர் நாள் மாறும்; கர்னல் ஊரில் முன்னாலேயே முடிந்துவிட்டது. உங்கள் பண்டிகைக்கு வருகிறோம், மோதிரத்தையும் கொண்டுவருகிறோம், அந்தத் துப்பாக்கியை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தகவல் வந்தது.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி பொள்ளம்மா. "துப்பாக்கிக்கா கல்யாணம் பண்றோம்?"

"கதையே பொய்னா குடும்பமே பொய்னு நினைச்சுடுவாருடி. பட்டாளத்துக்காரர்."

நாணய்யா கொட்டகைக்குள் போய் அரத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அராவி முடித்துப் பார்த்தபோது வருஷம் போய்விட்டது, கீழே இருந்த எண்களும் போய்விட்டன. ஆனால் அந்த இடம் மட்டும் புது எவர்சில்வர் டம்ளராய் மின்னியது. முற்றத்தில் நின்று பார்த்தால்கூடக் கண்ணில் அடித்தது.

கறுப்பாக்க வேண்டும். கரியைப் பூசினார், கையோடு வந்துவிட்டது. விளக்குப் புகையைக் காட்டினார், துடைத்தால் போயிற்று. அடுப்பங்கரையில் பொள்ளம்மா பண்டிகைப் பன்றிக் கறிக்குக் கச்சம்புளி எடுத்து வைத்திருந்தாள். புளிச் சாற்றைத் தாராய்க் காய்ச்சி வைத்த அந்தக் குப்பியைப் பார்த்ததும் அவருக்குப் புத்தி வேலை செய்தது. கறியையே கறுப்பாக்குகிற சரக்கு இரும்பை விட்டுவிடுமா என்ன?

துணியில் ஊற்றி நனைத்து, அராவின இடத்தில் இறுகக் கட்டி, ஒரு ராத்திரி ஊறவிட்டார். காலையில் அவிழ்த்தார். இரும்பு நன்றாகவே கறுத்திருந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவே, அரம் தின்றுவிட்டதாக அவர் நம்பிய 1912, முன்பைவிடத் தெளிவாக எழும்பி நின்றது. கீழே இருந்த எண்களிலும் முன்பாதி எழும்பியிருந்தது. அச்சடித்த இடம் இரும்புக்குள் எவ்வளவு ஆழம் நெரிந்திருக்கும் என்று அரத்துக்குத் தெரியாது, புளிப்புக்குத் தெரிந்திருக்கிறது.

"இதென்ன, வீடே கறி வாசனை வருது, நான் இன்னும் அடுப்பே மூட்டலையே" என்று வந்த பொள்ளம்மா, துப்பாக்கியையும் காலிக் குப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுபடி அராவினால் துப்பாக்கியில் ஓட்டைதான் விழும். அழிக்க முடியாத வருஷத்துக்குக் கதையைத்தான் மாற்ற வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பூவய்யாதான் அவர்கள் குடும்பத்துக்கு ஆருவர். கல்யாணம் காட்சி என்றால் வீட்டார் சார்பில் பேசுகிற உரிமை அவருடையது. அவரை உட்காரவைத்து, சொல்லும்போது ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது, புலியைச் சுட்டது அப்பச்சு இல்லை, என் தாத்தா, கர்னலிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

பூவய்யா யோசித்தார். "உன் தாத்தா காலத்துல இந்த ஊர்ல புலிக் கல்யாணம் நடந்திருந்தா எங்க அப்பா சொல்லியிருப்பாரே. அவரு சாப்பாடு போட்ட விசேஷம் எதையும் மறந்தவரில்ல."

"இந்த ஊர்ல இல்ல" என்று நாணய்யாவின் வாய் அவரைக் கேட்காமலே சொன்னது. "அவரு இங்க வர்றதுக்கு முன்னாடி."

"முன்னாடின்னா? உன் தாத்தா வெளியூரா?"

"வீட்டோட மாப்பிள்ளையா வந்தவரு. பாட்டி வீட்டுப் பேரைத்தான் நாங்க வெச்சிருக்கோம். வெளியில சொல்றதில்ல."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. பூவய்யா போனபிறகு பொள்ளம்மா வெளியே வந்து, செத்துப்போன மனுஷனை இப்படி வீட்டோடு மாப்பிள்ளையாக்கிவிட்டீர்களே, அவர் பிறந்த தொட்டில் இன்னும் பரணில் இருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சாயங்காலமே பூவய்யா திரும்பி வந்தார். கர்னல் போனில் துருவித் துருவிக் கேட்கிறாராம். தாத்தா எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்?

நாணய்யா கையை எங்கேயோ காட்டினார். மேற்கே, மலையடிவாரம்.

பிறந்த வீட்டை ஏன் விட்டு வந்தார்?

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காரணமாகப் பார்த்துச் சொன்னார். அண்ணனோடு மனஸ்தாபம்.

எந்தக் குடும்பம்?

"அதை மட்டும் அவரு கடைசி வரைக்கும் வாயைத் திறந்து சொல்லல." இந்த ஒரு பதில்தான் அவருக்கே திருப்தியாக இருந்தது. பேர் இல்லாத குடும்பத்தை யார் போய் விசாரிக்க முடியும்?

பூவய்யா அதையும் போனில் சொன்னார். அப்புறம் கர்னல், நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். தேச்சு மைசூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்பா, தலையை மட்டும் ஆட்டுங்க" என்றாள். அவருக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது.

பண்டிகையன்று நடுக்கூடத்துத் தொங்கு விளக்கின் கீழே துப்பாக்கியைச் சாத்தி, சந்தனம் வைத்து, செங்காந்தள் பூவைக் கொத்துக் கொத்தாகக் கட்டி வருஷத்தை மறைத்திருந்தார். கர்னல் மனைவி சோண்டம்மாவோடும் மகனோடும் வந்தார். காபியைத் தொடவில்லை. விளக்கைக் கும்பிட்டுவிட்டு நேராகத் துப்பாக்கியை எடுத்து, பூவை விலக்கி, வாசலின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். முதலில் முகர்ந்து பார்த்தார்.

"கறி வெட்டின கையோட எடுத்தீங்களா?"

நாணய்யா தலையை ஆட்டினார்.

"ராஜா காலம்னு சொன்னப்பவே சிரிப்பா வந்துச்சு" என்றார் கர்னல். "ராஜா காலத்துல முன்பக்கமா மருந்து போட்டு இடிக்கிற துப்பாக்கிதான். இது பின்னாடி தோட்டா போடுறது, உங்க போட்டோவுலயே தெரிஞ்சுபோச்சு. அதனால என்ன, குடகுல எல்லா வீட்டுலயும் ஒரு புலி இருக்கு. பொண்ணு நல்ல பொண்ணு, அது போதும்னு மோதிரம் வாங்கிட்டோம். ஆனா நேத்து பூவய்யா போன்ல சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அராவின அராவலும் வீணாய்ப் போனது, ஊற்றின கச்சம்புளியும் வீணாய்ப் போனது. கர்னல் பாக்கெட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"எங்க தாத்தாவும் அவரு தம்பியும் ஒரே நேரத்துல ஒரே புலியைச் சுட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஜோடியா வாங்கின துப்பாக்கி, 1912. புலிக் கல்யாணத்துல மாப்பிள்ளையா அண்ணனை உட்கார வெச்சுட்டாங்க. தம்பி கோவிச்சுக்கிட்டுத் துப்பாக்கியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனவரு, போனவருதான். இன்னிக்கும் கைல்போது அன்னிக்கு எங்க துப்பாக்கிக்குப் பக்கத்துல ஒரு துப்பாக்கி இடம் காலியா விட்டுத்தான் பூ வைப்போம்."

கண்ணாடி இரும்பின்மேல் ஊர்ந்தது.

"முன்பாதி நம்பர் எங்க துப்பாக்கியோட நம்பர்தான். பின்பாதியை யாரோ அராவியிருக்காங்க." கர்னலின் குரல் இறங்கியது. "வேற யாரு? தன்னை ஒருத்தரும் தேடி வரக்கூடாதுன்னு அவரே அராவியிருக்காரு. ரோஷக்காரர்."

பூவய்யா எட்டிப் பார்த்து, அராவல் கொஞ்சம் புதுசு மாதிரி இருக்கிறதே என்றார்.

"நல்லா தேய்ச்சுத் துடைச்சேன்" என்றார் நாணய்யா அவசரமாக.

"மேற்கேயிருந்து வந்தவரு, இல்லையா?" என்றார் கர்னல்.

நாணய்யா பொள்ளம்மாவைப் பார்த்தார். அவள் மேலே பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றால் அரம், கச்சம்புளி, வீட்டோடு மாப்பிள்ளை எல்லாம் வெளியே வரும். கல்யாணம் அத்தோடு போகும். தலையை ஆட்டினார்.

"அண்ணன்கூட மனஸ்தாபம்?"

ஆட்டினார்.

"கடைசி வரைக்கும் வீட்டுப் பேரைச் சொல்லல."

இந்தத் தடவை நன்றாகவே ஆட்டினார்.

கர்னலின் மீசை துடித்தது. துப்பாக்கியைச் சோமய்யாவின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு எட்டில் வந்து நாணய்யாவைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்பா சாகும்போதுகூடச் சித்தப்பா கிடைத்தாரா என்றுதான் கேட்டார் என்று சொல்லி அழுதார். "இத்தனை நாள் எங்கடா இருந்தே தம்பி" என்றார். பூவய்யா தலைப்பாகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபித் தட்டோடு நின்ற தேச்சுவுக்கு விவரம் முழுக்கப் புரியாவிட்டாலும், இரண்டு அப்பாக்களும் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. சோமய்யாவும் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

நாணய்யாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. புலி பிழைத்தது, மானம் பிழைத்தது, மகள் கல்யாணமும் பிழைத்தது. பொள்ளம்மாவைப் பார்த்து, எப்படி என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். கர்னலின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவரும் நாலு சொட்டு அழுதார். அதில் பாதி நிஜமாகவே வந்தது.

சோண்டம்மா வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. பெரிய வீட்டு மருமகளாய் இருந்து முறைகளெல்லாம் பார்த்துப் பழகியவர். மடியில் திறந்து வைத்திருந்த மோதிரப் பெட்டியை மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து வந்து, தேச்சுவின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார். அவள் தலையைத் தடவிக் கொடுத்து, சோமய்யா நின்ற பக்கம் திருப்பிவிட்டார்.

"பண்டிகை நாளும் அதுவுமா நிக்கறியே, போம்மா, உன் அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கோ."