ஐரோப்பாவுக்காக ஒரு கண்டனக் கூட்டம்

ஐரோப்பாவில் கால்பந்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்ற செய்தி ஒரு நாள் காலையில் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தது. டீ ஆறுவதற்குள் கண்டனக் கூட்டத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. நம்ம ஊர் எதில் சுணங்கினாலும் கண்டனத்தில் சுணங்கியதில்லை.

விஷயம் இதுதான். அங்கே பெரிய கிளப்புகள் சில தனியாகப் பிரிந்து புது லீக் ஒன்று தொடங்கப் போகின்றனவாம். உள்ளே இருக்கிறவர்கள் எத்தனை தோற்றாலும் வெளியே போக வேண்டாம். வெளியே இருக்கிறவர்கள் எத்தனை ஜெயித்தாலும் உள்ளே வர முடியாது. இதைக் கேட்டதும் நகரக் கால்பந்து நலக் கழகத் தலைவர் ஜெபசுந்தர் அண்ணாச்சிக்குக் காலைப் பலகாரம் தொண்டையில் இறங்கவில்லை.

கூட்டம் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கூடியது. செயலாளர் பாண்டியராஜன் வேட்டிக்கு மேல் ஒரு வெளிநாட்டுக் கிளப்பின் பனியனைப் போட்டு வந்திருந்தார். பிரிந்து போகிற கிளப்புகளில் அதுவும் ஒன்று. யாரும் அவரிடம் சொல்லவில்லை, துணி நல்ல துணி. பின்னால் ஆளுயர எழுத்தில் ஃப்ளெக்ஸ்: ‘ஐரோப்பாவே, கதவை அடைக்காதே!’

அண்ணாச்சி முழங்கினார். “ஜெயிச்சவன் மேல வரணும். தோத்தவன் கீழ போகணும். சின்ன ஊர்க்காரன் பெரிய டீமை மடக்குதான் பாருங்க, அங்கனதான் பந்தாட்டத்துக்கு உயிரே இருக்கு. கதவை அடைச்சா ஆட்டம் செத்துரும்!”

எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டியவன் இசக்கித்துரை, மேலநீலிதநல்லூர் டீமின் கேப்டன். நம்ம ஊர்த் திருவிழாவுக்குக் கழகம் நடத்தும் ஆடித்தபசுக் கோப்பையில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பது அவனுக்கு ஆசை என்று சொன்னால் போதாது, ஏக்கம். வருஷா வருஷம் கேட்கிறான். உழுத காட்டில் ஓடிப் பழகிய பையன்கள், சமதரையில் விட்டால் பிடிக்க முடியாது. கைதட்டிய சூட்டோடு எழுந்தான்.

“அண்ணாச்சி, அப்பம் இந்த வருசம் தபசுக் கோப்பையில எங்களையும் சேத்துக்கிடுவியளா?”

அண்ணாச்சி மைக்கைக் கீழே வைத்தார்.

“ஏலே இசக்கி, அது வேற, இது வேற. இங்கன நாலு ரதவீதிக்கும் நாலு டீமு. திருவிழாவுல ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தர் மண்டகப்படி இருக்குல்லா? அதை மாத்த முடியுமா? அதே மாதிரி நாலு டீமுக்கும் அரையிறுதி மண்டகப்படி.”

“தெற்கு ரதவீதி டீம்ல இப்பம் கோல் காக்குற கோலியைத் தவிர ஆளே கிடையாதே அண்ணாச்சி. எல்லாரும் திருப்பூருக்குப் போயாச்சு.”

“ஆளு போனா உரிமை போயிருமாலே?”

“போன வருசம் அவங்கதான கப்பு வாங்குனாங்க?”

“ஆமா,” என்றார் பாண்டியராஜன். “ஃபைனலுக்கு எதிர் டீம் வரல. இவங்க கோலி வந்திருந்தாம்லா.”

இருந்தாலும் ஜனநாயகம் என்று ஒன்று இருக்கிறதே. இசக்கித்துரையின் கோரிக்கையைப் பரிசீலிக்க உயர்மட்ட ஆய்வுக் குழு அங்கேயே அமைக்கப்பட்டது. அண்ணாச்சி குழுத் தலைவர், பாண்டியராஜன் உறுப்பினர். பரோட்டா சால்னா வரவழைத்துத் தீர ஆராய்ந்து முடிவை அறிவித்தார்கள். மூடிய லீக் ஐரோப்பாவில் கால்பந்தைக் கெடுக்கும், சங்கரன்கோவிலில் காக்கும். தட்பவெப்ப நிலையே காரணம்.

அந்த வாரமே ஐரோப்பாவில் திட்டம் கைவிடப்பட்டது. அங்குள்ள ரசிகர்கள் கொதித்ததால் என்று பேப்பர்காரன் எழுதினான். நமக்குத் தெரியாதா? அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தி வெடி போட்டோம்.

வெடிச் சத்தத்துக்கு நடுவே இசக்கித்துரை முகம் செத்து நின்றான். பார்க்கவே பாவமாக இருந்தது. போகும்போது அந்த ஃப்ளெக்ஸை மட்டும் கேட்டான். வேலை முடிந்த ஃப்ளெக்ஸ்தானே, சுருட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஊருக்குப் போனவன், கழகம் சேர்க்காத ஆறு ஊர்களைக் கூட்டிக் ‘கரிசல் லீக்’ தொடங்கிவிட்டான். அடேயப்பா, என்ன ஆட்டம்! டவுன் சனமெல்லாம் பஸ் ஏறி அங்கே போய்விட்டோம். தபசுக் கோப்பை இறுதியாட்டத்தை அண்ணாச்சியும் செயலாளரும் மட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். கோலி ஜெயித்தான்.

மறு வருஷம் கரிசல் லீக் தொடங்குகிற அன்று, பக்கத்து ஊரான திருவேங்கடத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் ஹெப்சி இறங்கினாள். பின்னாலேயே பூட்ஸ் மாட்டிய பெண்பிள்ளைகள்.

“அண்ணாச்சி,” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதுமே இசக்கித்துரையின் முதுகு நிமிர்ந்தது. “எங்க பிள்ளைகளையும் சேத்துக்கோங்க. ஜெயிச்சா வச்சுக்கிடுங்க, தோத்தா அனுப்பிருங்க.”

இசக்கித்துரை தன் டீமைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

“தப்பா நினைக்காதிய டீச்சர். நாங்க பாடுபட்டு உண்டாக்குன லீக்கு. ஆறு ஊருக்கும் மண்டகப்படின்னு முடிவாயிட்டு.”

“கதவை அடைக்காதேன்னு சொன்னதுக்கு நீங்கதான் ஓங்கிக் கைதட்டுனியளாமே?”

“அது வேற, இது வேற டீச்சர்.”

நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். ஆட்டம் தொடங்க நேரமாகிறதே என்ற கவலை எங்களுக்கு.

ஹெப்சியும் பிள்ளைகளும் வெளியே போனதும், இனி யாரும் உள்ளே வராமலிருக்க முள்வேலி வாசலை மறைத்துக் கட்டினோம். அதற்கு அந்த ஃப்ளெக்ஸ்தான் கைகொடுத்தது, அளவெடுத்தது போல் இருந்தது. எழுத்து வெளிப்பக்கமாக அமைந்துவிட்டதால், வேனில் ஏறிய பிள்ளைகள் அதைச் சத்தம் போட்டு வாசித்தார்கள்.

“ஐரோப்பாவே, கதவை அடைக்காதே!”

ஒரு மூலை கொஞ்சம் தளர்ந்திருந்தது. இன்னொரு முடிச்சுப் போட்டோம்.