ஆப்பிள் கேக்குக்கு மணல் சலித்த கதை

பெண் பார்க்கப் போகும் ஆண்கள் கொஞ்சம் பொய் சொல்வது ஊர் அறிந்த விஷயம்தான். இல்லாத அரை இஞ்ச் உயரத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். தினமும் காலையில் ஓடுவேன், நிறையப் புத்தகம் படிப்பேன் என்பார்கள். இதையெல்லாம் யாரும் வந்து சோதித்துப் பார்க்கப் போவதில்லை. நான் சொன்ன பொய்யைத் தின்று பார்க்க முடியும் என்பதுதான் என் கெட்ட நேரம். எனக்கு ஆப்பிள் கேக் செய்யத் தெரியும் என்று சொன்னேன்.

சொன்ன இடம் பள்ளிக்கரணையில் நித்யா வீட்டு மொட்டை மாடி. பெண்ணும் பையனும் தனியாக ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று பெரியவர்கள் அனுப்பி வைத்திருந்தார்கள். (தனியாக என்றால், படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் அவளுடைய மாமா நிற்கும் அளவுக்குத் தனியாக.) அவள் சதுப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

உண்மையான பதில், 'வெந்நீர் வைப்பேன்' என்பது. ஆனால் அந்த வாரம்தான் கேளம்பாக்கத்தில் எங்கள் ஆபீசுக்கு ஒருத்தி வீட்டில் செய்த ஆப்பிள் கேக் கொண்டுவந்திருந்தாள். மூன்று துண்டு தின்றிருந்தேன். அது நாக்கிலேயே இருந்திருக்க வேண்டும்.

"ஆப்பிள் கேக் நல்லா பண்ணுவேன்" என்றேன்.

"வீட்ல ஓவன் இருக்கா?"

"அதெல்லாம் எதுக்குங்க. குக்கர்லயே பண்ணிடுவேன்."

அப்போதுதான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் கல்யாண விருந்தையே குக்கரில் பண்ணுவேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, மாமா கதவுக்குப் பின்னாலிருந்து இருமினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. பெண் வர மாட்டாள், பெரியவர்கள் மட்டும். வீட்டைப் பார்ப்பார்கள், மனிதர்களைப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் அங்கேயே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பார்கள். முந்தின நாள் நித்யாவின் அப்பா போன் செய்து என் அப்பாவிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார். தம்பி கேக் பண்ணுவாராமே, பொண்ணு சொல்லிச் சொல்லி மாளவில்லை, நாளைக்கு அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும், வீட்டுக்காரி முட்டை சேர்க்க மாட்டாள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். அப்பா போனை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மா மட்டும், "இவனா?" என்று கேட்டுவிட்டு ரவை வறுக்கப் போய்விட்டாள்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாடம்பாக்கத்தில் அப்பா பக்கத்திலேயே நின்று கட்டிய வீடு அது. கொத்தனாருக்கு அருகில் குடை பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு செங்கலையும் தண்ணீரில் நனைத்தார்களா என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார். எந்தக் கதவை எந்த ஆசாரி இழைத்தார் என்று யாரும் கேட்காமலே சொல்வார். அந்த வீட்டைப் பார்ப்பதற்கென்றே ஐந்து பேர் வரப்போவது அதுதான் முதல் தடவை. ஒரு வாரமாக அவர் தூங்கவில்லை. கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். ஸ்விட்ச் போர்டை எல்லாம் பஞ்சு வைத்துத் துடைத்தார். மீட்டர் பெட்டிக்குள் இருந்த குளவிக்கூட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஞாயிறு காலை முழுக்க நான் வீடியோ பார்த்தேன். எல்லா வீடியோவிலும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: குக்கருக்கு அடியில் உப்போ மணலோ பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் போடாமல் மூட வேண்டும். அம்மாவிடம் போய் ஒரு கிலோ உப்பு கேட்டேன்.

"எதுக்கு?"

"அடியில போட்டுச் சூடாக்கறதுக்கு. அப்புறம் கொட்டிடலாம்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். உப்பு லட்சுமி என்றும், நல்ல காரியம் நடக்கிற நாளில் லட்சுமியை வறுத்துக் குப்பையில் கொட்டுகிற வீட்டில் எந்தப் பெண் வந்து வாழ்வாள் என்றும் கேட்டாள். உப்பு ஜாடியைத் தூக்கிப் பூஜை அலமாரிப் பக்கம் வைத்துவிட்டாள். அதற்குமேல் பேச முடியாது.

எதிர்ப் பிளாட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு மணல் குவியல். வாட்ச்மேன் அண்ணன் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். ஒரு கிண்ணம் மணல் வேண்டும் என்றேன்.

"எட்துக்கோ சார். இன்னாத்துக்கு?"

"கேக் பண்ண."

அவர் பேப்பரை மடித்தார். "கேக்ல மண்ணு போடுவாங்களா சார்?"

அடியில் என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. எனக்குச் சுத்தம் முக்கியம் என்பதால் (இதைச் சொல்லும்போதே கூசுகிறது) மணலை அம்மாவின் மாவு சல்லடையில் போட்டுச் சலித்தேன். சல்லடையில் கறுப்பாகச் சில உருண்டைகள் நின்றன. களிமண் என்று நினைத்துக் கையாலேயே எடுத்து எறிந்தேன். மெல்லிசாக விழுந்த மணலைப் பார்த்து எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

மாவு, சர்க்கரை, எண்ணெய், முட்டைக்குப் பதில் தயிர், பொடியாக நறுக்கிய இரண்டு ஆப்பிள், பிரியாணி டப்பாவிலிருந்து பட்டை எடுத்து இடித்த தூள். மூன்று மணிக்கு அடுப்பில் ஏற்றினேன். நாலரைக்கு ராகுகாலம் என்பதால் அவர்கள் மூன்றரைக்கே வந்துவிடுவார்கள். நாலு மணிக்குச் சுடச்சுடக் கேக். கணக்கு சரியாக இருந்தது. முதல் பத்து நிமிடம் பட்டை வாசனை கூடம் வரை வந்தது. பரவாயில்லையே என்று அம்மாகூடச் சொன்னாள்.

கார் வந்து நின்றது. நித்யாவின் அப்பா, அம்மா, கதவுக்குப் பின்னால் இருமிய மாமா, இன்னும் இரண்டு உறவினர்கள். (இந்த இருவருக்கும் கதையில் வேலையில்லை, கேசரியில் மட்டும்தான்.) மாமா பல கட்டடங்களுக்கு மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பாவுக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நிலைப்படியில் இருவரும் நின்று மரத்தைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டார்கள்.

எல்லோரும் உட்கார்ந்தபோதுதான் அந்த நாற்றம் வந்தது.

அதை எப்படிச் சொல்வது. பழைய பொதுக் கழிப்பிடத்தை யாரோ அடுப்பில் வைத்துச் சூடு பண்ணியது போல. கண்ணில் நீர் வந்தது. நித்யாவின் அம்மா வியர்வை துடைப்பது போல முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் அல்லவா. கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் சமையலறைக்குப் போய்க் குக்கரைத் திறந்தேன். முகத்தில் அடித்த ஆவியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எதிர் வீட்டு மணல்மேல் தினமும் நாலைந்து பூனைகள் உட்கார்ந்திருப்பதை ஆறு மாதமாகப் பார்க்கிறவன் நான். அவை காற்று வாங்கத்தான் அங்கே வருகின்றன என்று நினைத்திருந்தேன். அம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூடியைப் போட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு நான் கூடத்துக்கு வந்தேன்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். 'பூனை மணலில் கேக் வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்றால் முடிந்தது, எல்லோரும் சிரித்திருப்பார்கள். நான் போய்ச் சோஃபாவில் உட்கார்ந்தேன்.

மாமா மெதுவாக அப்பாவிடம் கேட்டார், "உங்க ஏரியாவுல பாதாள சாக்கடை வந்துடுச்சா, இல்ல செப்டிக் டேங்க்தானா?"

"டேங்க்தான் சார். நானே நின்னு கட்டினது." அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. இதுவரை இப்படி வந்ததே இல்லை என்றார். பாத்ரூமில் பினாயில் ஊற்றினார். ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினார். இப்போது மல்லிகையும் பூனையும் கலந்த ஒரு மணம் வந்தது. மாமா உதவும் நல்ல மனதோடு, எங்கேயாவது விரிசல் விட்டிருக்கும், ஒரு பார்வை பார்த்துவிடலாமே என்றார். அப்பா அன்றைக்கென்று வாங்கிய புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போனார்.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. அறுபது வயது மனிதர், பெண் வீட்டார் முன்னால், செப்டிக் டேங்க் மூடியை நெம்பிக்கொண்டிருக்கிறார். மூடி திறந்ததும் குனிந்து உள்ளே பார்க்கிறார். வேட்டியில் சேறு. நான் சோஃபாவில். எழுந்து போய்க் கடப்பாரையைக்கூடப் பிடிக்கவில்லை. பிடித்தால் சொல்ல வேண்டி வருமே என்ற பயம். இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஜன்னல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

அப்பா கை கழுவிவிட்டு உள்ளே வந்து நின்றார். டேங்க்கில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணிவிடுகிறேன், இந்த மாதிரி நாளில் இப்படி ஆனதற்கு மன்னித்துக்கொள்ள வேண்டும் என்றார். பேச்சை மாற்றுவதற்காக நித்யாவின் அப்பா பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நித்யா கொடுத்துவிட்டா தம்பி. ஒரு துண்டு கேக் வாங்கிட்டு வரணுமாம்."

அந்த டப்பாவைப் பார்த்ததும் நான் வாயைத் திறந்தேன். உண்மைதான் வரப்போகிறது என்று எனக்கும் தோன்றியது.

"கேக் பண்ணல சார். இந்த நாத்தத்துல செய்ய மனசு வரல" என்றேன்.

சொந்த வீட்டையே காட்டிக்கொடுத்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சமையலறையில் அம்மா எதையோ ஓங்கி வைத்த சத்தம் கேட்டது.

நாள் குறிக்கும் பேச்சே வரவில்லை. போன் பண்ணுகிறோம் என்றார்கள். (அதற்கு என்ன அர்த்தம் என்று பெண் பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்.) எல்லோரும் வாசலுக்கு வந்து செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்ப்பக்கமிருந்து வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், கேக்கு நல்லா வந்துச்சா? இன்னும் மண்ணு வேணும்னா அந்தாண்ட எடு சார். நீ காலைல எட்துனு போன எடத்துலதான் பூனைங்கோ வந்து வந்து போய்கினு கீது."

ஒரு கையில் செருப்போடு நின்ற மாமா திரும்பி என்னைப் பார்த்தார். எதிரே இருந்த மணலைப் பார்த்தார். செருப்பை விட்டுவிட்டு நேரே உள்ளே போனார். சமையலறையில் குக்கர் மூடி திறக்கும் சத்தமும், அவர் இருமும் சத்தமும் கேட்டன. மாடியில் கேட்ட இருமல் இல்லை, இது உண்மையான இருமல்.

அப்பா திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமா வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நம்ம டேங்க்ல ஒண்ணும் இல்ல, பாத்தீங்கல்ல சார்?"

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மாமா, டேங்க் கல்லு மாதிரி இருக்கு சார் என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டப்பா காலியாகவே பள்ளிக்கரணைக்குத் திரும்பிப் போனது.

ஆறு மணிக்கு நித்யா போன் செய்தாள். கேக் செய்யத் தெரியாது என்று ஆரம்பித்தேன். அது மொட்டை மாடியிலேயே தெரியும் என்றாள். பிறகு கேட்டாள்.

"உங்கப்பா டேங்க்கைத் திறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"சோஃபால."

"முதல்ல அவர்கிட்ட போய்ப் பேசுங்க. அப்புறம் எனக்குப் பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள்.

அப்பா சந்தில் உட்கார்ந்து மூடியைச் சுற்றிச் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, தப்பு பண்ணிட்டேன்ப்பா என்றேன். அவர் நிமிராமல், "தண்ணி ஊத்து" என்றார். ஊற்றினேன். அதன்பிறகுதான் நித்யாவைக் கூப்பிட்டேன்.

கல்யாணத்தில் பெண் வீட்டு வரிசைத் தட்டுகளில் ஒன்றில், கண்ணாடித்தாள் சுற்றி, ஒரு கிலோ கல் உப்பும், ஒரு புது மாவு சல்லடையும், நடுவில் ஒரே ஒரு ஆப்பிளும் இருந்தன. மாமாவின் வேலை. உப்பு மங்கலப் பொருள் என்பதால் அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் இப்போது நான் ஆப்பிள் கேக் செய்கிறேன். உப்பு போட்டுத்தான். அம்மா லட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளே எடுத்துத் தருகிறாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா, சம்பந்தி வீட்டார் டேங்க் வரைக்கும் திறந்து பார்த்துச் சம்மதம் சொன்ன வீடு இது என்று அறிமுகப்படுத்துகிறார். எங்கள் குடும்பத்தில் யாராவது தப்பு செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், 'சோஃபால உக்காந்திருக்கான்' என்பார்கள். என் ஆறு வயது மகள்கூடச் சொல்கிறாள், அர்த்தம் தெரியாமலே.

அந்தச் சோஃபா பழசாகிவிட்டது, ஸ்பிரிங் குத்துகிறது, மாற்றிவிடலாம் என்று வருஷா வருஷம் நான் அப்பாவிடம் சொல்லிப் பார்க்கிறேன். அவர் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்கிறார்.

"சோஃபா என்னடா தப்பு பண்ணுச்சு?"