அளவுக் கம்பு

புதுச் சமையல் மேடையின் முன்னால் போய் நின்ற மனைவியைப் பார்த்ததும் செக்கருக்குப் பகீரென்றது. முழங்கைக்கு வரவேண்டிய மேடை அவள் நெஞ்சுக்கு வந்து நின்றது. டிக்கெட் கவுன்ட்டரில் சில்லறைக்காகக் காத்திருப்பவள் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"யோவ் கொத்தனாரே! உள்ள வாய்யா!"

வெளியே மணல் சலித்துக்கொண்டிருந்த கொத்தனார், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னய்யா இது? மேடையா, மதில் சுவரா?"

"நீங்க குடுத்தனுப்பின கம்பு அளவுதான் சார். நூல் பிசகாது."

"என் பொண்டாட்டி நெஞ்சை முட்டுது. நூல் பிசகாதாம்ல!"

"சார், அந்தக் கம்பு வந்து..."

"வாயைத் திறக்காதே. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுல டிக்கெட் செக் பண்ணவன்யா நான். டிக்கெட் எடுக்காதவன் முழியை அடுத்த பஸ்ஸுல இருந்தே கண்டுபிடிப்பேன். உன் முழியே சரியில்ல."

"ஏங்க, மேடை சரியாத்தான் இருக்கு. விடுங்களேன்" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. எதைக் குடுத்தாலும் பொறுத்துக்கிட்டுப் போறவ நீ. அதான் உன் தலையில இவன் மிளகாய் அரைக்கப் பாக்குறான்."

செக்கர் ரிட்டயராகி எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் பால்காரரிலிருந்து சொந்த மச்சான்வரை எல்லோருக்கும் அவர் செக்கர்தான். ஆள் ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. மனைவி அவர் தோளுக்கும் கீழே. யாரையும் நம்புவதில்லை என்பதை அவர் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். வீட்டுக்கு பிளான் போட்டதும் அவரே. சுவரும் கூரையும் எழும்பியதிலேயே ஓய்வுப் பணம் முக்கால்வாசி தீர்ந்துபோயிருந்தது. மிச்சத்தில்தான் உள்வேலை. அதனால் கதவு, நிலை எல்லாம் இடித்த கட்டடத்திலிருந்து வாங்கியவை. தரைக்கு நாலு கடையில் மீந்துபோன டைல்ஸ், நாலு நிறத்தில். ஒன்றே ஒன்றில்தான் அவர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. சமையல் மேடைக்கு மட்டும் ஒரே துண்டாக, புத்தம்புது கிரானைட்.

அதற்குக் காரணம் இருந்தது. பிரிவுபசாரக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர், உணர்ச்சிவசப்பட்டு டிப்போவே கேட்க ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். "இவ முப்பத்தோரு வருஷமா வாடகை வீட்டுக் குட்டை மேடையில குனிஞ்சு குனிஞ்சு முதுகு வளைஞ்சு போயிட்டா. சொந்த வீட்டுல இனிமே ஒரு நாளும் குனிய மாட்டா. இது என் வாக்கு!" டிரைவர்களும் கண்டக்டர்களும் கை தட்டினார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால் டிப்போப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

மேடை கட்டப்போகிற அன்று காலையில் கொத்தனார் டேப்பும் கையுமாக வந்தார். செக்கர் விடவில்லை. டேப்பை இழுத்துப் பிடித்தால் ஒரு அளவு, தொய்வாக விட்டால் ஒரு அளவு. இந்தப் பித்தலாட்டம் எல்லாம் தெரியாதவரா அவர்? வேலையைக் கண்காணிக்க விடியுமுன்பே புது வீட்டுக்கு வந்துவிட்டதால், அங்கேயே சோப்பு நுரையும் கண்ணாடியுமாகச் சவரத்துக்கு உட்காரப் போனவர், மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சமைக்கிற ஆளோட முழங்கை உயரத்துக்கு ஒரு கம்பு வெட்டி அவன் கையில குடு. கம்பு பொய் சொல்லாது."

"சமைக்கிற ஆளோட முழங்கையா?"

"பின்ன என்ன, கொத்தனாரோட முழங்கையா? ஒரு தடவை சொன்னா விளங்காதா உனக்கு?"

"விளங்குது, விளங்குது" என்று அவள் ஒட்டடைக் கம்பைத் தேடிப் போனாள். உட்காரப் போன முக்காலியில் சிமென்ட் அப்பியிருந்ததால் அவர் நின்றுகொண்டே சவரம் செய்தார். முடிப்பதற்குள் கம்பு கொத்தனார் கைக்குப் போய்விட்டது. அத்தனை முன்யோசனையும் செய்து, இப்போது மேடை நெஞ்சுக்கு நிற்கிறது!

"கம்பைக் குடு, நானே அளக்குறேன்" என்றார்.

"கம்பு எங்கிட்டயே இருக்கட்டும் சார். நாளைக்கு ஒரு பேச்சு வரும்" என்றார் கொத்தனார். சந்தேகப்படுவதில் அவர் செக்கருக்குச் சளைத்தவரில்லை. கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கரண்டியும் சட்டியுமாகப் போயே போய்விட்டார்.

மேடையைப் பெயர்க்கலாம் என்றால் கிரானைட் விண்டுபோகும். இன்னொன்று வாங்க வழியில்லை. வாடகை வீட்டுக்காரரோ ஞாயிற்றுக்கிழமை சாவி வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மனைவியின் தம்பி வந்தான். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்வதால் அவனுக்கு 'யோசனை' என்றே பெயர்.

"மேடையை இறக்க முடியலன்னா அக்காவை ஏத்துங்க மாமா. கீழ ஒரு பலகை. முடிஞ்சுது கதை."

கார்ப்பென்டர் பழைய மரத்தில் அரை அடி உயரத்துக்கு ஒரு நீளப் பலகை அடித்துக் கொண்டுவந்து போட்டார். செக்கர்தான் முதலில் ஏறினார். யாரையும் நம்பாதவர் பலகையை மட்டும் நம்புவாரா? இரண்டு தடவை குதித்துப் பார்த்தார். தாங்கியது. திருப்தியோடு மேடையின் அழகைப் பார்க்கலாமென்று ஒரு எட்டு பின்னால் வைத்தார். அங்கே பலகை இல்லை.

பின்னாலிருந்த, சுவருக்குப் பூசுகிற புட்டிப் பொடி மூட்டையில் போய் விழுந்தார். எழுந்தபோது இடுப்புக்குக் கீழே புதுச் சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தார்.

"அடி பட்டுச்சாங்க?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இதுல நீ விழுந்திருந்தா என்னாவுறது? எடுங்கடா இந்தப் பாடையை!"

"அதோட, பலகையைப் போட்டா சிலிண்டர் கதவைத் திறக்க முடியல மாமா" என்றான் யோசனை, தன் யோசனையைத் தானே குறை சொல்லி. "பேசாம தரையையே ஏத்திடுங்க. சமையக்கட்டு மொத்தமும் அரை அடி."

மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயையோ, தரையை எதுக்குங்க ஏத்துறீங்க? வேண்டாங்க. பின்னால உங்களுக்குத்தான் கஷ்டம்."

"செலவை நினைச்சுப் பயப்படாதே. என் கஷ்டம் என்னோட போகட்டும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

உடைந்த செங்கல், மீந்த ஜல்லி எல்லாவற்றையும் கொட்டித் தரையை ஏற்றி, மேலே டைல்ஸ். தூசி கூடத்துக்கு வரக்கூடாதென்று நடுக்கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார் செக்கர். டைல்ஸ்காரர் கொல்லைக் கதவு வழியாக வந்துபோய் வேலை செய்தார்.

"சார், நடுக்கதவைக் கழட்டிடட்டுமா?" என்று முதல் நாளே அவர் கேட்டார்.

"உன் வேலை தரை. கதவுல கை வெச்சேன்னா தெரியும் சேதி. கழட்டுறதுக்குத் தனிக் கூலி, மாட்டுறதுக்குத் தனிக் கூலியா? ஆளைப் பாரு!"

டைல்ஸ்காரர் தோளைக் குலுக்கிவிட்டு வேலையை முடித்து, கொல்லை வழியாகவே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துச் செக்கர் கூடத்திலிருந்து நடுக்கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் முட்டினார். தோள்தான் அசைந்தது. அப்புறம்தான் உறைத்தது: கதவு சமையலறைப் பக்கம் திறக்கிற கதவு. அந்தப் பக்கம் தரை இப்போது அரை அடி மேலே. கதவு தரைக்குள் புதைந்து நின்றது.

செக்கர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சொந்த வீட்டில் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக, வாசலுக்கு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு நடக்கவேண்டும்!

"பரவாயில்லங்க, சாப்பாட்டுக்கு முன்னால ஒரு நடை நல்லதுதானே" என்றாள் மனைவி. அவள் சிரித்தாளா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுபடி கார்ப்பென்டர். அவர் கொல்லை வழியாக வந்து கீலைக் கழற்றிக் கதவை முற்றத்தில் கிடத்தினார். கீழே அரை அடி வெட்டினால் போதும். ஆனால் வாயால் சொல்லிவிட்டுப் போனால் 'நீங்க அப்படிச் சொல்லல சார்' என்பார்கள். செக்கர் கதவின் ஒரு முகத்தில் அரை அடிக்குக் கோடு போட்டார். தலைமாற்றி வெட்டிவிடக் கூடாதே என்று மறுமுகத்தில், கீழ்முனையில், சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதினார்: அடி.

"எல்லாம் கதவுலயே எழுதியிருக்கு. எழுதினபடி வெட்டு. சொந்த மூளையைச் செலவு பண்ணாதே" என்று எச்சரித்துவிட்டு, பூட்டு வாங்கப் போனார்.

திரும்பி வந்தபோது கதவு மாட்டியிருந்தது. அதன் கீழே கூடத்திலிருந்து ஒரு பூனை சமையலறைக்குள் நிமிர்ந்த தலையோடு நடந்து போய்க்கொண்டிருந்தது.

"எவ்வளவுய்யா வெட்டினே?"

"நீங்க எழுதினதுதான் சார். அடி."

"ஒரு அடியா வெட்டினே? அடின்னா அடிப்பக்கம்யா! கீழ்ப்பக்கம்!"

"அடின்னு மொட்டையா எழுதியிருந்தீங்க. அடின்னா எங்க தொழில்ல பன்னெண்டு அங்குலம் சார்."

"கோடு போட்டிருந்தேனே!"

"எழுத்து மேல இருந்துச்சு, கோடு அந்தப் பக்கம் கீழ போயிடுச்சு. புரட்டிப் பாக்கலாம்னுதான் நினைச்சேன். நீங்கதான் சொந்த மூளையைச் செலவு பண்ணாதேன்னீங்க."

யோசனை ஏதோ சொல்ல வந்தான். செக்கர் பார்த்த பார்வையில் இருமலாக மாற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாடகை வீட்டுச் சாவி கைமாறி, சாமான் வண்டி புது வீட்டு வாசலில் நின்றது. செக்கர் ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்குள் நுழைந்தார். கால் அரை அடிப் படியில் தடுக்கியது. தடுக்கியவர் சமாளித்து நிமிர, இடித்த கட்டடத்துக் குட்டை நிலை நெற்றியில் பளாரென்று மோதியது. அண்டா மட்டும் உருண்டு உள்ளே போய்ச் சேர்ந்தது.

நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. அந்த வீக்கத்தைத் தடவிக்கொண்டே செக்கர் கத்தினார். "எல்லாத்துக்கும் மூலகாரணம் அந்தக் கொத்தனார்தான்! கூப்பிடுடா அவனை! கம்போட வரச் சொல்லு! இன்னைக்குப் பத்து பேர் முன்னால அவன் வண்டவாளம் வெளிய வரணும்!"

"வேண்டாங்க" என்றாள் மனைவி. வண்டியிலிருந்து இறங்கிய முதல் நாற்காலியில், கூடத்தின் நடுவே, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "நான் சொல்றதைக் கேளுங்க. அவரைக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா உங்களுக்குத்தான்..."

"நீ பேசாதே! உனக்காகத்தானே இவ்வளவும்!"

கொத்தனார் வந்தார். கம்பைச் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். சாமான் இறக்குகிறவர்கள், கார்ப்பென்டர், யோசனை எல்லோரும் வட்டமாக நின்றார்கள்.

"எல்லாரும் பாத்துக்கங்க" என்று செக்கர் கம்பைப் பிடுங்கினார். "இது என் பொண்டாட்டி முழங்கை அளவாம். ஏய், எந்திரி. நில்லு இப்படி."

மனைவி எழுந்து நின்றாள். கம்பைப் பக்கத்தில் நிறுத்தினார். அது அவள் முழங்கையைத் தாண்டி, நெஞ்சு உயரத்தில் போய் நின்றது.

"பாத்தீங்களா! கம்பையே மாத்திட்டான்யா! திருட்டுப் பய! போலீஸுக்குப் போவேன். சும்மா விட மாட்டேன்!"

கொத்தனார் கம்பை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கினார். செக்கர் பக்கத்தில் தரையில் ஊன்றினார். அவர் கையைப் பிடித்து, சவரம் செய்கிறவர் கை மாதிரி மடக்கினார். கம்பின் நுனி செக்கரின் முழங்கையில் அச்சாக உட்கார்ந்தது.

செக்கர் முழங்கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைய பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"'டிப்போவுல வாக்குக் குடுத்துட்டாரே, புது வீட்டுல சமைக்கப் போறது அவருதான், பாவம், என்னை மாதிரி முதுகு வளையாம நின்னு சமைக்கட்டும்'னு அம்மா ஆசையா வெட்டிக் குடுத்த கம்பு சார் இது" என்றார் கொத்தனார்; "நீங்கதான் தரையை ஏத்தி, குனிஞ்சு சமைக்கிற மாதிரி பண்ணிக்கிட்டீங்க."