காத்திருப்போர் சாமியும் பித்தளைத் தாம்பாளமும்

டுரியான் துங்காலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அதுவே ஓர் அற்புதம். அந்த ஒன்றை மட்டும் நாகமுத்து சுவாமிகளால் செய்ய முடியவில்லை. மற்ற அற்புதங்கள் எல்லாம் அவருக்குக் கைவந்த கலை என்று ஊரே சொன்னது.

'காத்திருப்போர் சாமி' என்று அவருக்குப் பெயர். விசாவுக்குக் காத்திருப்பவர், மலிவு விலை வீட்டுக்குக் காத்திருப்பவர், மாப்பிள்ளைக்குக் காத்திருப்பவர், யாராக இருந்தாலும் வரவேண்டிய அழைப்பைச் சாமி வரவழைத்துவிடுவாராம். முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றவர். அப்போது தொண்டை வற்ற அழைத்தும் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. இப்போது ஜொகூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் தாங்களாகவே வந்து வெயிலில் நிற்கிறார்கள்.

சாமியின் சட்டம் ஒன்றுதான். கொட்டகைக்குள் நுழையுமுன் குடும்பத்தில் உள்ள எல்லாக் கைப்பேசிகளையும் பெயர் எழுதிப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துவிட வேண்டும். சீடன் தினேஷ்வரன் அவற்றைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோவான். போனை அணைக்கக் கூடாது, பூட்டும் போடக் கூடாது. பூட்டிய வீட்டுக்குள் தேவதை எப்படி நுழையும்? கேட்டவர்கள் எல்லாரும் "அதானே!" என்றார்கள். தேவதைக்கு அடுத்தவன் போனில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

கோமளாவும் அந்த வரிசையில்தான் நின்றாள். கேமரன் மலையில் பிரிஞ்சாங்கில் பிளாஸ்டிக் கூரை போட்ட பூத்தோட்டம் வைத்திருந்தவள். கணவர் ரங்கசாமிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், எடுக்கவில்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி வரும்வரை சிறுநீரகம் காத்திருக்காது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகப் புக்கிட் பெருவாங்கில், ஹஃப்சாக்காவின் மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் தங்கி, டயாலிசிஸ் செய்துகொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஒரு போனுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட போனைத்தான் ரங்கசாமி தாம்பாளத்தில் வைத்துக் கும்பிட்டார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்! படிப்பு வேறு, புத்தி வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

முதல் ஞாயிறே சாமி அசத்திவிட்டார். "மலையில உன் தோட்டத்துக் கூரை பிஞ்சிருச்சு. சுரேன்னு ஒரு பையன் கெடந்து தவிக்கிறான்" என்றார். வெளியே வந்து போனைப் பார்த்தால், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மகன் சுரேன் அதையேதான் செய்தியாக அனுப்பியிருந்தான். ரங்கசாமி அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டார்.

கோமளா கும்பிடவில்லை. அன்று காலையிலிருந்து அவளுக்கு வயிற்றுவலி. எதிரிலேயே சுருண்டு உட்கார்ந்திருந்தவளின் வலி சாமிக்குத் தெரியவில்லை, மலைமேல் பிய்ந்த கூரை தெரிந்தது. அடுத்தடுத்த வாரமும் பார்த்தாள். வாயால் பேசியது எதுவும் சாமிக்கு எட்டவில்லை. போனில் வந்தது மட்டும் பொட்டுத் தவறாமல் வந்தது.

"அக்கா, இவரு சாமியா, போஸ்ட்மேனா?" என்று ஹஃப்சாக்காவிடம் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரருகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். உனக்கு நம்பிக்கை இல்ல, அதான் போன் வர மாட்டேங்குதுன்னு என் மேலயே பழியப் போடுறாரு."

ஹஃப்சாக்கா அரிசி மூட்டைமேல் படுத்திருந்த தன் கடைப் பூனையைப் பார்த்தார். அதன் பெயர் அங்கமுத்து. பழைய வாடகைக்காரர் விட்டுப்போன பூனையும் பெயரும். "சரி, இந்த வாரம் சாமிக்கு நாம ஒரு செய்தி குடுப்போம்லா" என்று சிரித்தார்.

அந்த ஞாயிறு கோமளா தாம்பாளத்தில் வைத்தது ஹஃப்சாக்காவின் பழைய போன். தன்னுடையதைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டாள். ரங்கசாமி வழக்கம்போல் தன் போனைப் பயபக்தியோடு ஒப்படைத்தார். சற்று நேரத்தில் ஹஃப்சாக்கா ஒரு புது எண்ணிலிருந்து ரங்கசாமியின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: 'அங்கமுத்து தவறிட்டாரு. கடைசி வரைக்கும் உங்க பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு.'

சாமி கண்ணை மூடினார். உடம்பை உலுக்கினார். "ரங்கசாமி! அங்கமுத்துன்னு ஒரு பெரியவரு உன் பின்னால வந்து நிக்கிறாரு. அவரு ஆத்மா சாந்தியாகாமத்தான் உன் அழைப்பு தடைபடுது. பரிகாரம் செய்யணும்!"

கூட்டம் "ஐயோ" என்றது. ரங்கசாமி திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியாது.

கோமளா எழுந்தாள். "அவருக்கு மீசை இருக்கா சாமி?"

"இருக்கு! பெரிய மீசை!"

"வாலு?"

சாமி கண்ணைத் திறந்துவிட்டார். கோமளா மடியிலிருந்து போனை எடுத்து ஹஃப்சாக்காவை வீடியோவில் அழைத்தாள். அரிசி மூட்டைமேல் மீசையோடும் வாலோடும் அங்கமுத்து பெரிதாகக் கொட்டாவி விட்டது.

"இவருதான் சாமி நீங்க சொன்ன பெரியவரு. உயிரோட இருக்காரு. மீன் தலைக்குத்தான் தவிக்கிறாரு, பரிகாரத்துக்கு இல்ல."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கொட்டகையே குலுங்கியது. யாரோ போய்த் திரையை இழுக்க, தாம்பாளங்களுக்கு நடுவே வாயருகே ஒலிவாங்கியோடு தினேஷ்வரன் உட்கார்ந்திருந்தான். சாமியின் சடைமுடிக்குள் காதில் என்ன செருகியிருந்தது என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

அப்போதாவது சாமி வாயை மூடியிருக்கலாம். ஆனால் தன் வாயால் கெடுவதுதானே தவளையின் குணம்.

"என்னையே சோதிக்கிறியா?" என்று கோமளாவிடம் பாய்ந்தார். "என் சக்தி தெரியுமா? போன ஞாயித்துக்கெழம உன் புருஷனுக்கு ஆஸ்பத்திரி அழைப்பே வந்துச்சு! ஆகாத வேளைன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்!"

சிரிப்பு நின்றுபோயிற்று.

"எந்த அழைப்பு சாமி?" என்று ரங்கசாமி கேட்டார்.

தினேஷ்வரன்தான் தலையைக் குனிந்தபடி சொன்னான். "ரெண்டு போனும் மாத்தி மாத்தி அடிச்சிச்சு அங்கிள். சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு அமுக்கிட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரி நம்பர்னு தெரிஞ்சதும் பயந்துபோய் அழிச்சிட்டேன்."

கோமளா ஆஸ்பத்திரிக்கு அழைத்தாள். ஆமாம், போன ஞாயிறு அழைத்தோம், இரண்டு எண்ணிலும் யாரும் எடுக்கவில்லை, அந்தச் சிறுநீரகம் அடுத்தவருக்குப் போய்விட்டது, உங்கள் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது என்று தாதி பொறுமையாகச் சொன்னாள். சாமியை வென்ற சந்தோஷம் கோமளாவுக்கு அந்த நிமிடத்திலேயே செத்துப்போனது. போன வாரம் தன் போனையும் அந்தத் தாம்பாளத்தில் வைத்தவள் அவள்தானே! ரங்கசாமி மண்ணில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் வாய்விட்டு அழுதார்.

யாரோ போலீசுக்குச் சொன்னார்கள். மற்றவர்கள் தாம்பாளங்களில் பாய்ந்து தங்கள் போன்களைத் தேடினார்கள். கோமளா புருஷனைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தி, தாம்பாளத்திலிருந்த அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, வாசலுக்கு அழைத்து வந்தாள். பின்னாலேயே ஓர் அம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"இவன் போலின்னு எனக்கு அப்பவே தெரியும்மா. புக்கிட் காத்தில் பக்கம் ஒருத்தரு எலுமிச்சம்பழத்துல பாத்துச் சொல்றாராம். அவரு நெசமான ஆளுதானே?"

கோமளா நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, வரிசையில காத்துக் கெடக்குறதெல்லாம் கிட்னிக்குத்தான். மூளைக்குப் பட்டியலும் கெடையாது, போனும் வராது. அது உங்க தலையிலேயே சும்மா கெடக்குது. எடுத்துப் பயன்படுத்துங்கலா!"